மேடேறி வந்த ஆப்பிள்கள்

இருட்டிய பிறகுதான் அந்தச் சத்தம் வரும். மாவு போடாத ஆட்டுக்கல்லை யாரோ தூரத்தில் மெல்லச் சுற்றுவதுபோல, ஆனால் கல்லைவிட மெத்தென்று, கீழ்த்தெரு வளைவில் தொடங்கி, மாதா சிலை இருக்கிற கெபியைத் தாண்டி, பேக்கரியைத் தாண்டி, செங்குத்தான எங்கள் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறி ஏறி வந்து, எங்கள் வாசலில் ஒரு கணம் நின்று யோசிக்கும். முதல் நாள் அது வந்தபோது நான் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருக்களித்திருந்த கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. ஒரு ஆப்பிள் உள்ளே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஒரு கூட்டம், பூசைக்கு நேரமாகிவிட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நுழைவதுபோல ஒன்றையொன்று இடிக்காமல் உருண்டு வந்து, பாப்பாவின் தொட்டிலுக்கு அடியில் போய் அமர்ந்துகொண்டன. படியை எப்படி ஏறின என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். ஏறின, அவ்வளவுதான்.

நான் கத்தவில்லை. கத்தினால் பிள்ளைக்குப் பால் புரையேறிவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த நாட்களில் பயப்படுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. பாப்பாவின் உச்சிக்குழி துடித்தால் பயம், துடிப்பது தெரியாவிட்டால் அதைவிடப் பயம், அவள் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன், விழித்திருந்தால் ஏன் தூங்கவில்லை என்று அழுவேன். என் வீட்டுக்காரர் அமலன் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு என் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மலையில் எனக்கென்று இருந்தவர் அமலனின் அக்கா, லூர்து மதினி மட்டும்தான். அவர் தினமும் விடிந்ததும் சுக்குக்காப்பித் தூக்கோடு வருவார்.

கதவை ஏன் தாழ் போடவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பனிமேட்டில் ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை இருக்கிற வீட்டின் கதவை உள்ளே தாழ் போட மாட்டார்கள். பெயர் வைக்காத பிள்ளையைக் காக்கிற தேவதூதருக்கு, காவல் சம்மனசுக்கு, இன்னும் அந்த வீட்டில் இடம் கிடையாது. அது ராத்திரியெல்லாம் தெருவில் அலைந்துவிட்டு, குளிர் தாங்காதபோது உள்ளே வந்து பிள்ளையின் தலைமாட்டில் நிற்கும். தாழ் போட்டால் அது வெளியே நின்றுவிடும். வெளியே சம்மனசு விறைத்துப் போனால் உள்ளே பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும். எந்த வீட்டில் அப்படி நடந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மலை முழுக்க, டிசம்பர் குளிரிலும், பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டை ஒருக்களித்த கதவைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

மறுநாள் காலையில் மதினி தொட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"யாருடி இத்தன ஆப்பிள் அனுப்பினது? உங்கப்பாவுக்குக் கோவம் தணிஞ்சிருச்சா?"

"அதுவா வந்துச்சு மதினி."

"அதுவான்னா? பஸ் ஏறியா?"

"உருண்டு."

மதினி ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்துக் கடித்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றார். "புளிக்குது," என்றார். அதற்கு மேல் அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. பை நிறைய அள்ளிக்கொண்டு போனார். அன்று இருட்டியதும் அவர் வீட்டு அரிசிப் பானைக்குள் இருந்தவையெல்லாம் மூடியைத் தள்ளிக்கொண்டு இறங்கி, புதிதாக வந்தவற்றோடு சேர்ந்து மறுபடி எங்கள் தொட்டிலுக்கே வந்துவிட்டன. கடித்து வைத்த ஒன்று மட்டும் நொண்டி நொண்டிக் கடைசியாக வந்தது.

யாருக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். பழக்கடைக்காரர் அடுக்கி வைத்த கூம்பு பொழுது சாய்ந்ததும் சரிந்தது. டவுன் பஸ்ஸில் கீழே போன ஒரு பை, கொண்டை ஊசி வளைவில் கிழிந்து, பழங்கள் எதிரே வந்த லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி மேலேறி வந்ததாக டிரைவர் சொன்னார். தொட்டிலை அமலன் வேலைக்குக் கிளம்பும் முன் ஆப்பிள் பெட்டிப் பலகையில் அடித்ததுதான் காரணம் என்றார்கள் சிலர். ஊரில் பாதித் தொட்டில்கள் ஆப்பிள் பெட்டிப் பலகைதான் என்றார்கள் வேறு சிலர். டார்ச் எடுத்துக்கொண்டு வளைவில் காத்திருந்தவர்கள், பனிக்குள்ளிருந்து அவை வருவதைப் பார்த்தார்களே தவிர, பனிக்குள் எங்கிருந்து என்று பார்க்க ஒருவரும் இறங்கவில்லை. பிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. என்ன செய்வது என்பதுதான் பேச்சாக இருந்தது.

அந்தப் பேச்சில் வாயைத் திறந்தது நான்தான். கான்வென்ட்டில் எங்களுக்குச் சமையல் வகுப்பு உண்டு, அதில் சிஸ்டர் பெனிக்னா மழைக்காலத்தில் ஆப்பிள் சுடக் கற்றுக்கொடுத்தார். விதைக்கூட்டை எடுத்துவிட்டால் அது உருளுமா என்று பார்க்கலாமே என்றேன். மதினி என்னை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பேக்கரி தேவசகாயம் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து விறகடுப்பில் ரொட்டி போடுகிறவர். ரொட்டியெல்லாம் இறக்கிய பிறகு அடுப்பின் வயிற்றில் மிஞ்சியிருக்கும் சூட்டை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். பட்டறையில் பழைய தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, அரத்தால் ராவிக் கூர் ஏற்றித் தந்தார்கள். அதைக் காம்பில் வைத்துத் திருகி இறக்க வேண்டும், ஆனால் அடி வரைக்கும் போகக் கூடாது, அடியில் ஓட்டை விழுந்தால் உள்ளே வைப்பதெல்லாம் உருகித் தட்டில் ஓடிவிடும். இடுப்பைச் சுற்றித் தோலில் ஒரு கீறல், இல்லையென்றால் சூட்டில் வெடித்துவிடும். உள்ளே, நறுக்கிய பேரீச்சையும் ஆரஞ்சுச் சாற்றில் ஊறி உப்பிய திராட்சையும் உலர்ந்த அத்தியும், கை அமுக்கத்தில் உடைத்த முந்திரியும் அக்ரூட்டும், பட்டைத்தூளும் நாட்டுச்சர்க்கரையும், விரலால் அழுத்தி அழுத்தி நிறைத்து, மேலே மூடிபோல ஒரு கட்டி வெண்ணெய். தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடுப்புக்குள் தள்ளி, மூன்று செபமாலை சொல்லி முடிக்கிற நேரம் காத்திருந்தால், தோல் சுருங்கி, சாறு தேனாகக் கசிந்து, அந்த வாசனை மேட்டில் ஏறும். அந்த வாசனைக்கு, பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள்கூடப் பேக்கரி வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

சுட்ட ஆப்பிள் உருளவில்லை. விதைக்கூடு போய், வயிறு நிறைந்து, வைத்த இடத்தில் இருந்தது.

"இந்தப் புளிப்புக்குல்லா அந்த இனிப்பு எடுக்குது," என்றார் அண்ணாச்சி, சாறு வழிந்த விரலை நக்கிக்கொண்டே. "ஏளா செலஸ்டி, இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

என்னிடம் அந்த ஊரில் யாரும் அதுவரை அப்படிப் பேசியதில்லை. அமலன் கூட்டிக்கொண்டு வந்த கீழ்நாட்டுப் பெண், அவ்வளவுதான் நான். இப்போது பெண்கள் பகலெல்லாம் என் வீட்டில் உட்கார்ந்து திருகினார்கள், நறுக்கினார்கள், நிறைத்தார்கள். "டீச்சர், அத்தி பெருசா இருக்கு, இப்பிடி வெட்டலாமா?" என்று என்னைவிட மூத்தவர்கள் கேட்டார்கள். இருட்டுவதற்குள் எல்லாப் பழத்தையும் குடைந்தாக வேண்டும் என்பதால் சிரிப்பும் அவசரமுமாக இருக்கும் அந்த மத்தியானங்களில், பாப்பா கை மாறிக் கை மாறி மடிகளில் தூங்குவாள், நானும் பயத்தை மறந்து கொஞ்சம் சிரிப்பேன்.

ஊர் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. பழங்களுக்கு அடிபடக் கூடாது என்று சாயங்காலத்தில் மேட்டுத் தெருவின் கூழாங்கற்களைப் பெருக்கித் தள்ளினார்கள். கெபிக்குப் பக்கத்தில் இருந்த வேகத்தடையைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். இருட்டியதும் ஸ்கூட்டர்கள் ஓரமாக நின்று விளக்கை அணைத்து, பிணம் போகும்போது நிற்பதுபோல நின்று, கடைசிப் பழம் போன பிறகு கிளம்பின. நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு கூடவே நடந்து வந்து வாசல்வரை விட்டுவிட்டுத் திரும்பின. ஏரிக்கரையில் காகிதக் கிண்ணத்தில் சுட்ட ஆப்பிள் வாங்கிச் சாப்பிட டூரிஸ்ட் வண்டிகள் மேலேறின. ஒழுகிக்கொண்டிருந்த கூரைகளுக்குப் புதுத் தகரம் வந்தது. தவக்காலம் தொடங்கியபோது இதைத் தின்னலாமா என்று கோயிலில் கேள்வி வந்தது. பங்குச்சாமிக்கு ஏழெட்டு ஊர் என்பதால் எங்கள் ஊரில் எதையும் முடிவு செய்வது உபதேசியார் இஞ்ஞாசிதான். அவர் ஒரு கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "பழம் பழம்தான், ஒருசந்தி விரதம் முறியாது," என்றார்.

பாப்பாவுக்கு ஞானஸ்நானம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

முதலில் தகப்பன் வரட்டும் என்றார்கள். பிறகு திருவருகைக் காலம், விருந்து வைக்கக் கூடாது என்றார்கள். கிறிஸ்மஸ் முடிந்ததும் ஞானஸ்நானத் தொட்டியில் விரிசல் என்றார் உபதேசியார், அதைப் பூச ஆள் தேட வேண்டும். இப்போது தவக்காலம், ஈஸ்டருக்குப் பிறகு ஜம்மென்று செய்வோம். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஞானஸ்நானம் ஆனால் கதவு தாழ் போடப்படும், கதவு தாழ் போடப்பட்டால் ஆப்பிள் வராது, அவ்வளவு எளிய கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல், எல்லோரும் அன்பாக, ஒவ்வொரு காரணமாகத் தள்ளிவைத்தார்கள். ஞானத்தாயாக நிற்க வேண்டிய லூர்து மதினியும் பட்டுப்புடவை இன்னும் எடுக்கவில்லை என்றார். அமலன் போனில், "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க செலஸ்டி, அண்ணாச்சிகிட்டப் பேசிட்டேன், ஏரிக்கரைல கடை போட்டுக்கலாம், அப்புறம் நான் இந்தப் பக்கம் வேலைக்கே வர வேண்டியதில்ல," என்றார். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு நானும் சரி என்றேன். அவர் பிள்ளையை இன்னும் கையில் வாங்கியதே இல்லை.

ஒரு நாள் வேலை மும்முரத்தில் நான் குடைந்த ஒரு பழத்தை நிறைக்காமல் ஜன்னலில் மறந்து வைத்துவிட்டேன். காலையில் அது தொட்டிலுக்குள், பாப்பாவின் காலருகே இருந்தது. அதன் குழிக்குள் பாப்பாவின் கம்பளிச் சாக்ஸ் ஒன்று, நாங்கள் பேரீச்சையை அழுத்துவதுபோல, அமுக்கி அமுக்கி நிறைக்கப்பட்டிருந்தது.

"குளிருதுல்ல, ஆப்பிளும் சாக்ஸ் கேக்குது," என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அந்தச் சாக்ஸைத் தோய்த்துக் காயப்போட்டேன். வாசனை போகவே இல்லை.

அதன் பிறகு தொட்டில் நகர ஆரம்பித்தது. தச்சர்கள் பெரிய மரத்துக்கு அடியில் உருளைக் கட்டை வைத்துத் தள்ளுவதுபோல, பழங்கள் அடியில் வரிசை பிடித்து, பலகையைத் தூக்கிக்கொண்டு, பாப்பாவின் தூக்கம் கலையாதபடி, ஒவ்வொரு ராத்திரியும் கதவுப் பக்கம் கொஞ்சம். ஒரு விடியலில் நான் கண் விழித்தபோது தொட்டிலின் தலைப்பக்கம் வாசலுக்கு வெளியே இருந்தது. பாப்பாவின் புருவத்தில் பனி பூத்திருந்தது. அவள் மேட்டுக்குக் கீழே, வளைவில், மூட்டமாகக் கிடந்த வெள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைய ஆப்பிள் தின்னுருமா?" என்றார் மதினி. "நாமதான்டி ஆப்பிளத் தின்னுறோம்."

"தின்னாது மதினி. கொண்டு போயிரும்."

"எங்க?"

"தெரியல."

"தெரியாததுக்கு ஏன் பயப்படுற? தூக்கிப் பக்கத்துல போட்டுக்க."

அன்று தொட்டிலில் போடவில்லை. பாயில் படுத்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, பழைய புடவையால் என்னையும் அவளையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு தூங்கினேன். படகில் போவதாகக் கனவு. ஏரியில் தண்ணீருக்குப் பதில் வெதுவெதுப்பான ஏதோ, பட்டை வாசனையோடு, அலையே இல்லாமல், அடியில் ஆயிரம் உள்ளங்கைகள் தாங்குவதுபோல, எங்கே போகிறோம் என்று கேட்கவே தோன்றாத அவ்வளவு சுகம். கன்னத்தில் குளிர் பட்டுக் கண் திறந்தேன். தலைக்கு மேலே நட்சத்திரம் இருந்தது. பாயோடு நாங்கள் இரண்டு பேரும் பேக்கரியைத் தாண்டி, கெபியைத் தாண்டி இறங்கியிருந்தோம். நாய்கள் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர் விளக்கை அணைத்து, மரியாதையாக நின்றுகொண்டிருந்தது.

எழுந்து ஓடினேன். பிள்ளை கட்டிய கட்டோடு நெஞ்சில் இருந்தாள். பின்னால் பழங்கள் அவசரப்படவில்லை. எனக்குப் பின்னாலேயே நிதானமாக மேடேறி வந்தன.

விடிந்ததும் உபதேசியார் வீட்டுக்குப் போனேன். தீட்டுக் கழிந்தாலும் பெயர் வைக்காத பிள்ளையோடு யாரும் தெருவில் இறங்குவதில்லை, பார்த்தவர்கள் கதவுக்குப் பின்னால் நகர்ந்தார்கள்.

"இன்னைக்கே ஞானஸ்நானம் குடுக்கணும்."

"என்னம்மா இது, வாழக்கா பஜ்ஜியா, நின்ன நிலைல போட்டுக் குடுக்க? சாமி வரணும், தொட்டி பூசணும், ஈஸ்டர் வரணும்."

"அதுவரைக்கும் கதவத் தாழ் போட்டுக்கறேன்."

அவர் முகம் மாறியது. அது நடிப்பு இல்லை. "அப்பிடிப் பண்ணிராதத்தா," என்றார், பாப்பாவின் தலையைத் தொட்டுக்கொண்டு. "பிள்ள செத்துரும்."

வீட்டுக்கு வந்து நாள் முழுக்கப் பழம் நிறைத்தேன். கதவு திறந்திருந்தால் பிள்ளை போய்விடும், மூடினால் மூச்சு போய்விடும். கை தன்பாட்டில் திராட்சையை எடுத்தது, முந்திரியை எடுத்தது, அழுத்தியது. பெண்கள் எழுந்து போன பிறகு, தட்டுகளை அண்ணாச்சி எடுத்துப் போன பிறகு, கழுவுவதற்கு வைத்திருந்த தண்ணீரில் விரலை விட்டபோதுதான் எனக்கு எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் பெனிக்னா ஒரு கண்ணில்லாத பிளாஸ்டிக் பொம்மையைக் கொண்டுவந்து மேசைமேல் கிடத்தினார். மரண ஆபத்தில் இருக்கிற பிள்ளைக்கு, குருவானவர் இல்லாத இடத்தில், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீர் தலையில் ஓட வேண்டும். வார்த்தை சரியாக இருக்க வேண்டும். அந்தப் பொம்மைக்கு அன்று நாற்பது பேர் நாற்பது பெயர் வைத்தோம், என் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

உடனே செய்யவில்லை. தண்ணீரைச் சுட வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மரண ஆபத்து என்று சொன்னால்தான் செய்ய முடியும். அந்த வார்த்தையை நான் இத்தனை மாதமாக, ஒவ்வொரு ராத்திரியும், மூக்கருகே விரல் வைத்த ஒவ்வொரு முறையும், வாய்க்கு வரவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டால் அது கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது அதைச் சொன்னால்தான் பிள்ளை.

கீழே, வளைவில், ஆட்டுக்கல் சுற்றத் தொடங்கியது.

"என் பிள்ளை மரண ஆபத்தில் இருக்கிறாள்," என்று சத்தமாகச் சொன்னேன். சுவர் கேட்டது, விளக்கு கேட்டது. எதுவும் வரவில்லை. பாப்பா கொட்டாவி விட்டாள்.

வெந்நீரைப் பச்சைத் தண்ணீரில் கலந்து முழங்கையில் விட்டுப் பார்த்தேன். இடது கையில் அவள் தலையைத் தாங்கி, வலது கையால் டம்ளரைச் சாய்த்து, பெயரைச் சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று மூன்று முறை ஊற்றினேன். தண்ணீர் உச்சிக்குழி வழியாக ஓடி என் மணிக்கட்டில் இறங்கியது. அவள் வீறிட்டு அழுதாள். பிறந்தபோதுகூட அப்படி அழவில்லை.

அந்த அழுகை கேட்டுத்தான் லூர்து மதினி ஓடி வந்தார். வாசல்படியில் நின்று ஈரத்தலையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார்.

"என்னடி பண்ணின?"

"ஞானஸ்நானம் ஆயிருச்சு மதினி."

"யாரு குடுத்தா?"

"நான்."

மதினி சிலுவை போட்டுக்கொண்டார். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர், ஆனால் வேதம் தெரிந்தவர். ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"என்ன பேரு?"

"தெக்லா."

"தெக்லாவா? எங்கம்மா பேரு சவேரியம்மா இருக்கு, உங்கம்மா பேரு இருக்கு. யாரு பேரு அது?"

"அவ பேரு."

சத்தம் பேக்கரியைத் தாண்டிவிட்டது. மதினி திரும்பி மேட்டைப் பார்த்தார். நிலா வெளிச்சத்தில் அவை வந்துகொண்டிருந்தன, பளபளவென்று, முன்னெப்போதையும்விட அதிகமாக, தெரு அகலத்துக்கு. புதுத் தகரம் போட்ட கூரைகள் இரண்டு பக்கமும் மின்னின. ஏரிக்கரையில் அமலனின் கடை வரப்போகிற இடம் எங்கே என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"இன்னைக்கு ஒரு நாள் வரட்டும்," என்றார் மதினி, மெல்ல. "நாளைக்கு மூடிக்குவோம். ஈஸ்டருக்கு ஆர்டர் இருக்கு செலஸ்டி."

தெக்லா அழுதுகொண்டே கையை நீட்டி, எதையோ பிடிக்கத் தேடி, மதினியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மதினி அதை விடுவிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. முதல் ஆப்பிள் படிக்குக் கீழே வந்து நின்று யோசித்தது.

மதினி காலை உள்ளே எடுத்து வைத்தார். "அப்ப நான் ஞானத்தாய் இல்லையா?" என்றார், அழுகிற குரலில்.

"நீங்க கதவ அமுக்கிப் பிடிங்க மதினி."

அவர் தோளைக் கொடுத்து அழுத்தினார். வெளியே மெத்து மெத்தென்று ஒவ்வொன்றாக வந்து மோதின, கோபமில்லாமல், தட்டுகிற விருந்தாளிகளைப்போல. பனியில் ஊறிய மரம் உப்பியிருந்தது, தாழ்ப்பாள் பாதியில் சிக்கியது. தெக்லாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையால் அடித்தேன், வெண்ணெய் ஒட்டியிருந்த விரலால் துருவைத் தடவிவிட்டு மறுபடி அடித்தேன். "தள்ளுடி, தள்ளு," என்றார் மதினி, பிரசவத்தன்று சொன்ன அதே குரலில். இரும்பு ஒரு முறை கீச்சிட்டு, வழுக்கி, குழிக்குள் போய் விழுந்தது.